முடிச்சூரில் விட்ட வீடு, மாடம்பாக்கத்தில் வாங்கிய வீடு: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

2022 ஜூன் மாதம், வீடு வாங்க ஆலோசனை கேட்டு ஒரு தம்பதி என்னிடம் வந்தார்கள். கணவருக்கு 39 வயது, சென்னை கிண்டியில் வேலை. மனைவி தனியார் பள்ளியில் கணித ஆசிரியை. மகள் ஏழாம் வகுப்பு. கணவரின் தாயாருக்கு 66 வயது; நெடுநாள் நீரிழிவு, சிறுநீரகத்தின் திறன் குறைந்துகொண்டே வருகிறது என்று மருத்துவர் எச்சரித்திருந்தார். பதினொரு ஆண்டுகளாகக் குரோம்பேட்டையில் வாடகைக்கு இருந்தார்கள். பதிவுச் செலவு உட்பட 80 லட்சம் ரூபாய்க்குள் தனி வீடு வேண்டும், அடுக்குமாடி வேண்டாம், தாம்பரத்திலிருந்து அரை மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும் என்பவை அவர்களுடைய நிபந்தனைகள்.

நான் கட்டடப் பொறியாளன். வீடு கட்டுவதுதான் என் தொழில், வீடு தேடித் தருவது அல்ல. கணவர் என் தம்பியோடு படித்தவர் என்பதால் கட்டணம் இல்லாமல் கூடவே போனேன். அவர்களுடைய சம்மதத்தோடு இதை எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

முதல் வீடு: தாள்கள் சொன்னவை

ஆகஸ்ட் மாதம் முடிச்சூரில் ஒரு வீடு அமைந்தது. 1,200 சதுர அடி மனை, அதாவது அரை கிரவுண்டு. தரைத்தளமும் மேலே ஓர் அறையும். விலை 58 லட்சம். வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலை பக்கத்தில். தரகர், விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கம் வரை வரப்போகும் மெட்ரோவையும் சேர்த்துச் சொன்னார். அது அன்று திட்டம் என்ற நிலையில்தான் இருந்தது. எங்கள் கணக்கில் அதற்கு ஒரு ரூபாய்கூட மதிப்புப் போடவில்லை.

தாள்கள் சுத்தமாக இருந்தன. தாய்ப்பத்திரத்திலிருந்து இன்றைய கிரயப் பத்திரம் வரை சங்கிலி அறுபடவில்லை. முப்பது ஆண்டு வில்லங்கச் சான்றில் இரண்டு அடமானங்கள், இரண்டுக்கும் கடன் தீர்ந்ததற்கான ரசீதுப் பத்திரம் பதிவாகியிருந்தது. பட்டா விற்பவர் பெயரில். மனைப்பிரிவு தொண்ணூறுகளில் அங்கீகாரம் இல்லாமல் போடப்பட்டது. 2016 அக்டோபர் 20ஆம் தேதிக்கு முன்பு உருவான மனைப்பிரிவுகளுக்காக 2017இல் வந்த விதிகளின்படி வரன்முறை செய்யப்பட்டிருந்தது, அதாவது பின்னர் அங்கீகாரம் பெற்றிருந்தது. வங்கியின் வழக்கறிஞர் நான்கு பக்கத்தில் கருத்துரை எழுதி, கடன் தரலாம் என்று முடித்திருந்தார்.

பெரும்பாலான குடும்பங்கள் இந்த இடத்தில் முன்பணம் கொடுத்துவிடுகின்றன. வங்கியே சரி என்று சொல்லிவிட்டதே என்ற நம்பிக்கை. ஆனால் வங்கி பார்ப்பது, கடன் திரும்பாவிட்டால் இந்தச் சொத்தைச் சட்டப்படி விற்க முடியுமா என்பதைத்தான். மழை நாளில் அந்தச் சொத்துக்குள் எத்தனை அடி தண்ணீர் நிற்கும் என்று எந்த வழக்கறிஞரும் எழுதித் தருவதில்லை. அது அவருடைய வேலையும் இல்லை.

ஒரு தாள் மட்டும் வேறு கதை சொன்னது. தமிழ்நாடு அரசின் மின்சேவைத் தளத்தில் புல எண்ணை (சர்வே எண்) கொடுத்தால் பட்டாவோடு 'அ' பதிவேட்டின் விவரமும் கிடைக்கும். அதில் அந்த நிலம் 'நஞ்சை' என்று இருந்தது. நஞ்சை என்றால் ஒரு காலத்தில் ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த நிலம். நெல் வயலுக்குத் தண்ணீர் ஏறிப் போவதில்லை, இறங்கித்தான் போகும். நஞ்சையில் கட்டிய வீடெல்லாம் மூழ்கும் என்று நான் சொல்லவில்லை. சென்னைப் புறநகரில் பாதி அப்படிக் கட்டியதுதான். அந்தச் சொல்லைக் கண்டால் நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்பது என் பழக்கம்.

முதல் வீடு: தரை சொன்னவை

முதல் முறை ஞாயிற்றுக்கிழமை காலையில் போனோம். வீடு புதிதாக வெள்ளையடிக்கப்பட்டிருந்தது. உள்ளே போனதும் நான் முதலில் பார்த்தது மின் இணைப்புகளை. தரைத்தளத்தில் எல்லாப் பிளக் பாயின்டுகளும் ஐந்தடி உயரத்தில் இருந்தன. குளிர்சாதனப் பெட்டிக்கான பிளக்கும் அப்படியே. மாடி அறையில் அவை வழக்கமான உயரத்தில்தான் இருந்தன. பின்புறம் மோட்டார், நான்கடி உயரச் செங்கல் மேடையில் உட்கார்ந்திருந்தது. மின் மீட்டர் பெட்டியின் பழைய இடத்தில் ஆணித் துளைகள் மட்டும் இருந்தன. பெட்டி மூன்றடி மேலே ஏறியிருந்தது. வெள்ளையடித்தால் கறை மறையும், பிளக் பாயின்டு இறங்கி வராது.

வாசலில் ஒரு படிதான் இருந்தது. சாலையோரம் தோண்டிப் பார்த்தபோது மண்ணுக்குள் இன்னும் இரண்டு படிகள் இருந்தன. இது நம் ஊரில் எல்லாருக்கும் தெரிந்த நோய். பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே புதிய சாலை போட, வீடு தானாகவே தாழ்ந்துபோகிறது. சுரண்டிவிட்டுத்தான் சாலை போட வேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலாளர் அதிகாரிகளுக்கு அறிவுறுத்தினார். அதற்கு முன்பே இந்த வீடு இரண்டு படிகளை இழந்துவிட்டது.

இரண்டாம் முறை மனைவி தனியாகப் போனார், வார நாளில், மாலையில், தரகர் இல்லாமல். அவருடைய யோசனைதான். அதுவே இந்தத் தேடலில் எடுத்த மிகச் சிறந்த முடிவு என்று இன்றும் நினைக்கிறேன். வீட்டை விற்பவரிடமோ தரகரிடமோ அவர் எதுவும் கேட்கவில்லை. தெருமுனையில் துணி தேய்ப்பவரிடம் கேட்டார்: "அண்ணா, இந்தத் தெருவில் வாடகைக்கு வீடு கிடைக்குமா? மழைக்காலத்தில் எப்படி இருக்கும்?" வாங்கப் போகிறவர் என்று தெரிந்தால் அக்கம்பக்கத்தார் வாய் திறக்கத் தயங்குவார்கள், அவர்களுடைய மனை விலையும் அதில் இருக்கிறது அல்லவா? வாடகைக்கு வருபவரிடம் மறைக்க ஒன்றுமில்லை. துணி தேய்ப்பவர் இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, எதிர்ச் சுவரில் தன் தோள் உயரத்துக்குக் கை காட்டினார். "2015இல் இவ்வளவு. போன வருஷம் முழங்கால். மாடி வீடாகப் பாருங்கள் அம்மா."

தரகரிடம் இதைச் சொன்னபோது அவர் தயாராகவே இருந்தார். 2015 டிசம்பரில் வந்தது செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்ததால் வந்த வெள்ளம், அது நூறு வருஷத்துக்கு ஒரு முறை, இப்போது அடையாற்றையும் அகலப்படுத்திவிட்டார்கள் என்றார். செம்பரம்பாக்கத்திலிருந்து அப்போது நொடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிட்டது உண்மை. ஆனால் அந்த உபரிநீர்க் கால்வாய் அடையாற்றில் சேருவது திருநீர்மலை அருகே. முடிச்சூர் அதற்கு மேலே, ஆறு தொடங்கும் ஆதனூர்ப் பக்கம் இருக்கிறது. ஆதனூர், மண்ணிவாக்கம், ஊரப்பாக்கம், நந்திவரம் ஏரிகள் நிரம்பி வழிந்த தண்ணீர்தான் இந்தப் பகுதிக்கு முக்கியமாக வந்தது. போதாததற்கு, டிசம்பர் 1ஆம் தேதி காலை தொடங்கிய 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பெய்தது மட்டும் 49 சென்டிமீட்டர். ஆகவே செம்பரம்பாக்கத்தை எவ்வளவு கவனமாகத் திறந்தாலும் இந்தத் தெருவுக்கு அது உத்தரவாதம் ஆகாது. ஆற்றை அகலப்படுத்தியதால் ஆபத்து குறைந்திருக்கலாம். நீங்கிவிட்டது என்று சொல்ல ஆதாரம் இல்லை.

எதிர்வீட்டு மேஸ்திரி ஒருவரை அழைத்து மட்டக் குழாய் பிடித்துப் பார்த்தோம். தண்ணீர் நிரப்பிய, உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாய்; அதன் இரு முனைகளிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும். இருநூறு ரூபாய்ப் பொருள். கைப்பேசியில் காட்டும் கடல்மட்ட உயரத்தை நான் நம்புவதில்லை, அது சில மீட்டர்கள் தவறலாம். நமக்கு வேண்டியதோ அங்குலக் கணக்கு. வீட்டுத் தரை தெருவைவிட 14 அங்குலம் உயரம். தெருவோ பிரதான சாலையைவிட இரண்டரை அடி பள்ளம். கணக்கு அங்கேயே முடிந்துவிட்டது.

விட்டுவிட்ட முடிவு

கணவருக்கு மனம் வரவில்லை. 58 லட்சம் என்பது அவர்களுடைய வரம்பைவிட மிகக் குறைவு; மிச்சத்தில் தரையை உயர்த்திக் கட்டிக்கொள்ளலாம் என்றார். ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்குவதும் பேசப்பட்டது. வீட்டை மூன்றடி தூக்கலாம், தெருவைத் தூக்க முடியாது என்றேன். அத்தோடு, நிலத்தடித் தொட்டி, கழிவுநீர்த் தொட்டி இரண்டும் பழைய மட்டத்திலேயே இருக்கும்.

அந்த உரையாடலின்போது தாயார் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "மழை வந்தால் நான் ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போவேன்?" நான் பதில் சொன்னேன், தண்ணீர் ஏறாத வீடாகப் பார்ப்போம் அம்மா என்று. அவர் கேட்டது அது அல்ல. அவர் வழியைப் பற்றிக் கேட்டார். நான் வீட்டைப் பற்றிப் பதில் சொன்னேன். அந்த அறையில் இருந்த நான்கு பேரும் அதைக் கவனிக்கவில்லை.

செப்டம்பர் கடைசியில் முடிச்சூர் வீட்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். முன்பணம் கொடுத்திருக்கவில்லை.

இரண்டாம் வீடு

அடுத்த இரண்டு மாதங்களில் ஒன்பது வீடுகள் பார்த்தார்கள். ஒன்பதையும் விவரிக்க வேண்டியதில்லை. ஒன்றில் மின்கம்பி மாடிக்கு மேலே போனது, ஒன்றில் பட்டா தாத்தா பெயரிலேயே இருந்து வாரிசுகள் ஏழு பேர், இரண்டில் விலை ஒத்துவரவில்லை.

பத்தாவது வீடு மாடம்பாக்கத்தில். சோழர் காலத்து தேனுபுரீஸ்வரர் கோயில் இருக்கும் ஊர். பழைய கோயிலும் பழைய நத்தமும் (ஊர்க் குடியிருப்பு நிலம்) இருக்கும் இடத்தை நான் எப்போதும் சற்று நம்பிக்கையோடுதான் அணுகுவேன். நம் முன்னோர் வயலைப் பள்ளத்திலும் ஊரை மேட்டிலும் வைத்தார்கள். ஆனால் இன்றைய மாடம்பாக்கம் பழைய ஊர் மட்டும் அல்ல, சுற்றியிருந்த வயல்களும் சேர்ந்ததுதான். ஆகவே ஊர்ப் பெயரைக் கேட்டதோடு நிறுத்தாமல் புல எண்ணையும் பார்த்தோம்: புன்செய், அதாவது ஏரிப் பாசனம் இல்லாத நிலம். மனைப்பிரிவு சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் (சி.எம்.டி.ஏ.) அங்கீகாரம் பெற்றது. நிலப் பயன்பாட்டை வகுக்கும் முழுமைத் திட்டத்தில் அந்தப் புல எண் குடியிருப்புப் பகுதி. கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுகளின் படங்களைப் பின்னோக்கி நகர்த்திப் பார்த்தோம்; மனை இருந்த இடத்தில் எந்த ஆண்டிலும் தண்ணீர் நிற்கவில்லை, புதர்தான் இருந்தது.

சொன்ன விலை 74 லட்சம். மனை 1,100 சதுர அடி என்றார்கள். பத்திரத்தில் 1,000 என்று இருந்தது. விற்பவர் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொண்டார்: பின்னால் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கிறது, உங்களுக்கு லாபம்தானே?

நிலத்தின் எல்லைகளைக் காட்டும் அரசுப் புலப்படத்தை எடுத்துப் பார்த்தபோது அந்த லாபம் என்னவென்று தெரிந்தது. மனையின் பின்புறம் ஒரு வாய்க்கால் குறிக்கப்பட்டிருந்தது. நேரில் அங்கே இருந்தது முட்புதரும் குப்பையும்தான். நாடா பிடித்து அளந்தோம். 25 அடி அகலம், 44 அடி நீளம். பத்திரப்படி 40 அடிதான். சுற்றுச்சுவர் நான்கடி வாய்க்காலுக்குள் போயிருந்தது. வாய்க்கால் பகுதியின் உட்பிரிவு எண்ணை மின்சேவைத் தளத்தில் கொடுத்தபோது அரசுப் புறம்போக்கு என்றே வந்தது. நீர்நிலை ஆக்கிரமிப்பு என்று நாளை நோட்டீஸ் வந்தால் வாங்கியவர்தான் பதில் சொல்ல வேண்டும். அதைவிட முக்கியமானது, அடைபட்ட வாய்க்கால் மழையில் தன் வழியைத் தேடும். அந்த வழி இந்த வீட்டின் பின்கதவாக இருக்கலாம்.

இங்கே வீட்டையே விட்டுவிடலாம் என்று கணவர் சொன்னார். முடிச்சூர் அனுபவத்துக்குப் பிறகு அவர் அதிகம் பயப்படத் தொடங்கியிருந்தார். நான் வேறு மாதிரி நினைத்தேன். முடிச்சூரில் தவறு நிலத்தில் இருந்தது. இங்கே தவறு ஒரு சுவரில் இருந்தது. சுவரை இடிக்கலாம். விற்பவர் தன் செலவில் சுவரைப் பத்திர அளவுக்குப் பின்வாங்கிக் கட்டித் தர வேண்டும், அதன் பிறகே கிரய ஒப்பந்தம், விலை 1,000 சதுர அடிக்கே என்று நிபந்தனை வைத்தோம். மூன்று வாரம் பேச்சு ஓடியது. அவர் சம்மதித்தார், 71 லட்சத்துக்கு இறங்கினார். சுவர் நான்கடி உள்ளே வந்தது. புதரையும் குப்பையையும் இவர்களே ஆள் வைத்து அகற்றினார்கள்.

மழையில் ஒரு சோதனை

2022 டிசம்பர் 9ஆம் தேதி இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரை கடந்தது. மறுநாள் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கே வீட்டுக்குப் போனோம். ஒப்பந்தம் இன்னும் ஆகவில்லை. மரக்கிளைகள் சாலையெங்கும் கிடந்தன, ஆனால் தெருவில் தண்ணீர் இல்லை. வாய்க்காலில் ஒரு முழம் ஓடியது. மட்டக் குழாய்க் கணக்கில் வீட்டுத் தரை தெருவைவிட 2 அடி 9 அங்குலம் உயரம். எல்லாரும் திருப்தியோடு திரும்பினோம்.

அன்று நாங்கள் போனது கார் செல்லக்கூடிய ஒரே வழியாக. அந்த வழியில், வீட்டிலிருந்து 400 மீட்டர் தள்ளி, ஒரு சிறுபாலம் இருக்கிறது. அதன் மேல் ஓட்டிக்கொண்டுதான் போனோம். இறங்கிப் பார்க்கவில்லை. மாண்டஸ் காற்று அதிகமும் மழை குறைவுமாக வந்த புயல் என்பதையும் கணக்கில் எடுக்கவில்லை. காற்று வீட்டின் கூரையைத்தான் சோதித்தது.

வசதிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மகளின் பள்ளி வேன் தெருமுனை வரை வரும். தாம்பரம் ரயில் நிலையத்துக்கு ஞாயிற்றுக்கிழமை 15 நிமிடம், திங்கட்கிழமை காலை எட்டரைக்கு 35 நிமிடம். தரகர் சொன்னது முதல் எண், வாழ வேண்டியது இரண்டாம் எண்ணோடு. பாதாளச் சாக்கடை இல்லை, கழிவுநீர்த் தொட்டிதான். விமானப்படைத் தளம் பக்கம் என்பதால் பகலில் விமானச் சத்தம் உண்டு. தாயார் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. பேத்தியின் ஆன்லைன் வகுப்பைவிட விமானம் மேல் என்றார். ஆழ்துளைக் கிணற்று நீரைச் சோதித்தோம்: கரைந்த உப்பு லிட்டருக்கு 780 மில்லிகிராம். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீருக்கு ஏற்ற அளவு 500, வேறு நீர் இல்லாதபோது 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம். 780 பரவாயில்லை என்று விட்டோம்.

2023 பிப்ரவரியில் பதிவு முடிந்தது. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 4 சதவீதம், ஆக 11 சதவீதம். முழு விலையையும் பத்திரத்தில் காட்டினார்கள். ஏப்ரலில் பதிவுக் கட்டணம் 2 சதவீதமானது. இரண்டு மாதம் பொறுத்திருக்கலாமே என்று உறவினர்கள் சொன்னார்கள். கட்டணம் குறையும் என்று பிப்ரவரியில் யாரும் அவர்களிடம் சொல்லவில்லை.

2023 டிசம்பர்

ஆகஸ்டில் தாயாருக்கு டயாலிசிஸ் தொடங்கியது. திங்கள், புதன், வெள்ளி. மருத்துவமனை வேளச்சேரிப் பக்கம். பழகிய மருத்துவர் அங்கே இருந்தார் என்பதுதான் காரணம்.

டிசம்பர் 3ஆம் தேதி ஞாயிறு தொடங்கி 4ஆம் தேதி இரவு வரை மிக்ஜாம் புயலின் மழை கொட்டியது. வீட்டைப் பொறுத்தவரை எங்கள் கணக்கு சரியாகவே இருந்தது. தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர் வந்து போனது, உள்ளே ஒரு சொட்டு வரவில்லை. பின்புற வாய்க்கால் கரை தொட்டு ஓடியது. நான்கடி விட்டுக்கொடுத்த இடத்திலும் தண்ணீர் ஓடியதைக் கணவர் மாடியிலிருந்து படமெடுத்து எனக்கு அனுப்பினார். முடிச்சூரிலும் பக்கத்து வரதராஜபுரத்திலும் அந்த முறையும் வெள்ளம் புகுந்தது. நாங்கள் விட்டுவந்த வீட்டில் முழங்காலுக்கு மேல் நின்றதாகத் துணி தேய்ப்பவர் பின்னால் சொன்னார்.

ஆனால் திங்கட்கிழமை காலை சிறுபாலத்தின் மேல் இடுப்பளவு தண்ணீர் ஓடியது. கார் போக வழியில்லை. போயிருந்தாலும் பயன் இருந்திருக்காது: வேளச்சேரி–தாம்பரம் சாலை பள்ளிக்கரணையில் மூழ்கிக் கிடந்தது. தென்சென்னைப் புறநகரின் ஏரிகள் பல, ஒன்றன் நீரை ஒன்றுக்கு இறக்கி, கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில்தான் சேர்கின்றன. அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாய்க்குப் போக வேண்டும். அந்த ஒடுங்கிய வாசல் வழியே அவ்வளவு நீரும் ஒரே நாளில் வெளியேறாது. மாடம்பாக்கத்தில் மழை நின்ற பிறகும் அங்கே தண்ணீர் நின்றது. அதாவது வீட்டை மேட்டில் தேர்ந்தெடுத்துவிட்டு, மருத்துவமனைக்குப் போகும் வழியை வட்டாரத்தின் மிகத் தாழ்ந்த இடம் வழியாக வைத்திருந்தார்கள்.

மின்சாரம் ஞாயிறு நள்ளிரவில் போய் புதன் மதியம் வந்தது. இன்வெர்ட்டர் ஆறு மணி நேரம் தாங்கியது. கைப்பேசிச் சிக்னலும் போனது. தரை மட்டத்தில் இருந்த நிலத்தடித் தொட்டியின் மூடி வழியே தெருத் தண்ணீர் இறங்கி, சேமித்த நீர் முழுதும் பாழானது. வீட்டுத் தரையை அங்குலக் கணக்கில் அளந்த நான் தொட்டியின் வாயை அளக்கவில்லை.

திங்கள் சிகிச்சை தவறியது. செவ்வாய் விடியற்காலை தாயாருக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. பக்கத்துத் தெருவில் செங்கல் வியாபாரி ஒருவரிடம் டிராக்டர் இருந்தது. நாற்காலியோடு தூக்கி டிராக்டரில் வைத்து, சிறுபாலத்தைக் கடந்து, கிழக்கே போகாமல் மேற்கே தாம்பரம் பக்கம் கொண்டுபோனார்கள். முதல் மருத்துவமனையில் இடமில்லை. இரண்டாவதில் அன்று மாலை டயாலிசிஸ் செய்தார்கள். இரண்டு நாள் உள்நோயாளியாக வைத்து அனுப்பினார்கள். அவர் பிழைத்துக்கொண்டார்.

அதன் பிறகு

பத்து நாள் கழித்துப் பார்க்கப் போனேன். தாயார் கட்டிலில் சாய்ந்திருந்தார். "அன்றைக்கே கேட்டேன் தம்பி" என்று மட்டும் சொன்னார். குறையாகச் சொல்லவில்லை, நினைவூட்டலாகத்தான். எனக்குப் பதில் இல்லை.

அந்த மாதமே சிகிச்சையைத் தாம்பரம் பக்கத்து மருத்துவமனைக்கு மாற்றினார்கள். சிறுபாலத்தைத் தவிர்க்க, கார் போகாத, ஆனால் ஆட்டோ போகக்கூடிய ஒரு சந்து இருப்பதை அக்கம்பக்கத்தாரோடு பேசிக் கண்டுபிடித்தார்கள். வாங்குவதற்கு முன் ஒரு மணி நேரம் நடந்திருந்தால் நாங்களே கண்டிருப்போம். தொட்டியின் வாயைச் சுற்றி இரண்டடிச் சுவர் எழுப்பி மூடி போட்டாயிற்று. வீட்டுக்கும் பொருள்களுக்கும் வெள்ளத்தைச் சேர்த்துக் காப்பீடு எடுத்தார்கள். 2021 ஏப்ரல் முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் விற்கும் 'பாரத் கிருக ரக்ஷா' என்ற பொதுவான திட்டம் அது. பதிவு நாளன்றே எடுத்திருக்கலாம்.

2024 மே மாதம் ஆழ்துளைக் கிணற்று நீர் உப்புக் கரித்தது. மறுபடி சோதித்தபோது 1,640. நாங்கள் சோதித்தது டிசம்பரில், மழைக்குப் பின், கிணறு நிறைந்திருந்த நேரத்தில். இப்போது குளிக்கவும் துவைக்கவும் அந்த நீர், சமையலுக்குக் கேன் தண்ணீர், கோடையில் மாதம் இரண்டு லாரி.

மாற்றிச் செய்ய வேண்டியவை

முடிச்சூரை விட்டது சரி என்றே இன்றும் நினைக்கிறேன். சுவரைப் பின்வாங்க வைத்ததும் சரி. தாள், தரை, அக்கம்பக்கம் ஆகிய மூன்றையும் தனித்தனியே கேட்ட முறையில் குறை இல்லை. குறை, எல்லாக் கேள்விகளையும் வீட்டின் நான்கு சுவருக்குள் கேட்டதில் இருந்தது.

இப்போது என்னிடம் யார் வந்தாலும், வீட்டிலிருந்து அவர்கள் தவறாமல் போக வேண்டிய மூன்று இடங்களைக் கேட்கிறேன். பலர் பள்ளி, அலுவலகம், ரயில் நிலையம் என்பார்கள். வீட்டில் முதியவரோ நோயாளியோ இருந்தால் மருத்துவமனையை நானே சேர்த்துவிடுகிறேன். பிறகு அந்த வழிகளில் நடந்து போகிறோம், காரில் அல்ல. ஒவ்வொரு சிறுபாலத்திலும் இறங்கி, பக்கத்துக் கடைக்காரரிடம் எந்த ஆண்டில் எவ்வளவு தண்ணீர், எத்தனை நாள் நின்றது என்று கேட்கிறோம். எத்தனை அடி என்பதைவிட எத்தனை நாள் என்பதற்கு வரும் பதில்தான் பல நேரம் முடிவை மாற்றியிருக்கிறது. கிணற்று நீரை மே மாதத்தில் ஒரு முறையாவது பார்க்கச் சொல்கிறேன். அவ்வளவு நாள் காத்திருக்க முடியாதவர்கள், அதே தெருவில் கோடையைக் கண்ட ஒரு வீட்டாரிடம் கேட்டுக்கொள்ளலாம். இவையெல்லாம் செய்திருந்தால் மாடம்பாக்கம் வீட்டை வேண்டாம் என்றிருப்போமா? இல்லை என்றுதான் நினைக்கிறேன். மருத்துவமனையை முன்பே மாற்றியிருப்போம்.

2024 நவம்பர் 29, வெள்ளிக்கிழமை. ஃபெங்கல் புயல் மறுநாள் கரையைக் கடக்கும் என்று வானிலை மையம் அறிவித்திருந்தது. அன்று டயாலிசிஸ் முடிந்ததும் தாயார் மாடம்பாக்கத்துக்குத் திரும்பவில்லை. மருத்துவமனைக்குப் பக்கத்தில், இரண்டாம் மாடியில் இருக்கும் தன் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். மாற்று உடை, மாத்திரை, சிகிச்சைக் கோப்பு எல்லாம் காலையிலேயே பையில் எடுத்து வைத்திருந்தார். திங்கட்கிழமை சிகிச்சைக்கு நடந்தே போனார்கள். செவ்வாய்க்கிழமை வீடு திரும்பியபோது சிறுபாலத்தின் மேல் சேறு காய்ந்திருந்தது.